கன்னி வேட்டை: மானைக் காணக் கற்ற வரலாறு

கன்னி வேட்டை என்பது வேட்டைத் தொழிலில் புதிதாகப் புகும் ஒருவர் மேற்கொள்ளும் முதல் வேட்டையைக் குறிக்கும். 'கன்னி' என்ற சொல்லுக்கு இங்கே முதன்முறை என்பது பொருள். முதல் முறையாகச் சபரிமலைக்கு மாலை அணிபவரைக் கன்னிச்சாமி என அழைக்கும் வழக்கிலும் இப்பொருளே நிற்கிறது. கன்னிச்சாமிக்குக் குருசாமி வழிகாட்டுவது போல, கன்னி வேட்டைக்குப் போகும் இளைஞனுக்கும் மூத்தோர் துணை இருந்தது. அம்பு எய்யக் கற்பது வேட்டைக் கல்வியில் ஒரு பகுதி மட்டுமே. விலங்கு எங்கே இருக்கிறது என்று கண்டறிவதே அதன் பெரும்பகுதி. இந்த அறிவு தமிழ்நாட்டில் எவ்வாறு கற்பிக்கப்பட்டது, யாரிடம் இருந்தது, வேட்டை சட்டத்தால் தடுக்கப்பட்ட பின் அதற்கு என்ன நேர்ந்தது என்பதை இக்கட்டுரை கூறுகிறது. சிதம்பரத்தில் அரங்கேறிய ஒரு நூலில் தொடங்கி, அவ்வூருக்குக் கிழக்கே உள்ள பிச்சாவரத்தில் இது முடிகிறது.

பெரியபுராணத்தில் முதல் வேட்டை

கன்னி வேட்டையைத் தமிழில் விரிவாகக் கூறும் நூல் சேக்கிழாரின் பெரியபுராணம். இது 12-ஆம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்க சோழன் காலத்தில் இயற்றப்பட்டது. சிதம்பரம் நடராசர் கோயிலின் ஆயிரக்கால் மண்டபத்தில் அரங்கேற்றப்பட்டது என்பது மரபு. இந்நூலின் கண்ணப்ப நாயனார் புராணத்தில், பொத்தப்பி நாட்டு உடுப்பூரில் வேடர் தலைவன் நாகனுக்கும் தத்தைக்கும் பிறந்த திண்ணனார் பதினாறு வயதில் முதல் வேட்டைக்குப் புறப்படுகிறார்.

இந்த வேட்டைக்கு ஒரு காரணம் சொல்லப்படுகிறது. நாகன் முதுமையால் வேட்டைக்குச் செல்ல இயலாமல் போக, விலங்குகள் பெருகிப் புனங்களை அழிக்கின்றன. குடிகள் முறையிட, நாகன் மகனுக்குத் தலைமையைத் தருகிறான். தேவராட்டி என்னும் பூசாரிப் பெண் காட்டுத் தெய்வங்களுக்குப் பலியூட்டி வாழ்த்துகிறாள். ஆகவே முதல் வேட்டை தனிமனித விருப்பமாக அமையவில்லை. ஊருக்காக ஏற்கும் பொறுப்பாகவே அது காட்டப்படுகிறது.

வேட்டை நடக்கும் முறையும் கவனிக்கத்தக்கது. முதலில் காட்டில் நெடுந்தொலைவுக்கு வார்வலைகள் கட்டப்படுகின்றன. பிறகு காவல் அமைக்கப்படுகிறது. அதன் பின்னரே நாய்கள் அவிழ்த்துவிடப்படுகின்றன. மான், கலை, மரை, பன்றி, கரடி எனப் பல விலங்குகள் வெருண்டு எழுகின்றன. புதியவரான திண்ணனார் இவை எல்லாவற்றையும் தேடி அலையவில்லை. அனுபவமுள்ள வேடர்கள் முன்பே காட்டை அறிந்து வளைத்திருக்கிறார்கள்.

சேக்கிழார் ஒரு வேட்டை ஒழுக்கத்தையும் பதிவு செய்கிறார். அந்த வேடர்கள் யானைக் கன்றுகளைத் தொடர்வதில்லை. பிற விலங்குகளின் குட்டிகளைக் கொல்வதில்லை. கருவுற்றுத் தளர்ந்து நடக்கும் பிணைமான்களைத் துன்புறுத்துவதும் இல்லை. எதை விட வேண்டும் என்பதையும் புதிய வேடன் கற்றான் என்பது இதனால் விளங்கும். இந்த விலக்கைக் கடைப்பிடிக்கவும் கூரிய பார்வை வேண்டும். ஓடும் கூட்டத்தில் எது பிணை, எது கலை, எது சினையுற்றது என்று அம்பு தொடுக்கும் முன் தெரிந்தாக வேண்டும்.

வலையறுத்து ஓடிய ஒரு பன்றியைத் துரத்திச் செல்லும்போது திண்ணனாருடன் நாணன், காடன் என்ற இருவர் மட்டுமே தொடர முடிகிறது. அந்த ஓட்டமே அவரைக் காளத்தி மலைக்குக் கொண்டு சேர்க்கிறது.

எயினரின் தடமறிவு

பெரியபுராணத்துக்குப் பல நூற்றாண்டுகள் முந்தையது பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய இந்நூல், வறண்ட புதர்க்காட்டில் வாழ்ந்த எயினரின் வேட்டையைச் சுருக்கமாகவும் துல்லியமாகவும் விவரிக்கிறது.

எயினர் குடிசையின் முன் விளாமரத்தில் 'பார்வை' மான் கட்டப்பட்டிருக்கும். காட்டு மான்களை ஈர்ப்பதற்காகப் பழக்கிய மானுக்குப் பார்வை என்று பெயர். மான் தன் இனத்தைக் கண்டால் அச்சம் நீங்கி நெருங்கும் என்ற கவனிப்பிலிருந்து இம்முறை பிறந்தது.

மழையற்ற காலத்தில், மானடிகள் பதிந்த வழிகளின் ஓரம் நீருக்காகத் தோண்டப்பட்ட குழிகளின் அருகே அவர்கள் நள்ளிரவில் ஒளிந்து பன்றிக்காகக் காத்திருப்பர். இரவு வேட்டை பொய்த்தால் பகலில் நாய்களோடு புதர்களை அடித்து, வேலிபோல் வலை மாட்டி முயல் பிடிப்பர்.

இச்செய்திகளில் மூன்று பாடங்கள் உள்ளன. கோடையில் விலங்கைத் தேட வேண்டிய இடம் நீர். காலடித் தடம் வழியைக் காட்டும். பெரிய விலங்கு கிடைக்காத நாளில் சிறியதற்கு மாறத் தெரிய வேண்டும். மூன்றாவது பாடமே வேட்டைக் குடிகளைப் பசியிலிருந்து காத்தது.

மான்களும் தடயங்களும்

'மான் வேட்டை' என்று பொதுவாகச் சொன்னாலும், ஒவ்வோர் இனத்தையும் தேடும் இடமும் நேரமும் வேறு.

புள்ளிமான் கூட்டமாக வாழும். புல்வெளியும் மரங்களும் சந்திக்கும் ஓரங்களில், நீருக்கு அருகே, காலையிலும் மாலையிலும் மேயும். குரங்குகள் உதிர்க்கும் இலைகளையும் காய்களையும் தின்ன மரத்தடிக்கு வரும். குரங்கின் எச்சரிக்கைக் குரல் மானுக்கும் காவல்.

கடமான் அடர்ந்த சரிவுகளில் தனியாகவோ சிறு குழுவாகவோ வாழும். பெரும்பாலும் இரவில் இயங்கும். தென்மாவட்டங்களில் இதை மிளா என்பர்.

வெளிமான் திறந்த சமவெளியில் வாழ்வது. விலங்கியலில் இது மான் குடும்பத்தைச் சேர்ந்ததன்று, இரலை இனம். இதன் கொம்பு ஆண்டுதோறும் உதிர்வதில்லை. கடற்கரைச் சமவெளியில் இதைக் காண ஏற்ற இடம் கோடியக்கரை. அங்கே 1967-இல் சரணாலயம் அமைக்கப்பட்டது.

கேளையாடு தனித்து வாழும். குரைப்பது போன்ற அதன் ஒலியே அதைக் காட்டிக்கொடுக்கும்.

மானின் குளம்படி நடுவே பிளந்து முன்புறம் கூர்மையாக இருக்கும். அந்தக் கூர்முனை அது சென்ற திசையைக் காட்டும். பன்றியின் தடத்தில் பின்குளம்புகளும் பக்கவாட்டில் பதிவதால் இரண்டையும் பிரித்தறியலாம். புதிய தடத்தின் விளிம்பு கூர்மையாக இருக்கும். நேரம் செல்லச் செல்ல அது உதிர்ந்து மழுங்கும். புழுக்கையின் ஈரம், நுனி கடிபட்ட தளிர், கொம்பு உரசிய மரப்பட்டை ஆகியவையும் சான்றுகள். தடம் சரியாக இருந்தும் காற்று ஆளின் பின்புறமிருந்து மானை நோக்கி வீசினால், ஆள் நெருங்குமுன் மோப்பம் மானை எட்டிவிடும். புதியவர் பெரும்பாலும் தவறவிடுவது காற்றைத்தான். இவை எதுவும் ஏட்டில் கற்பிக்கப்பட்டவை அல்ல. மூத்தவரின் பின்னால் நடந்து, அவர் நிற்கும்போது நின்று, அவர் பார்ப்பதைப் பார்த்துக் கற்றவை.

துப்பாக்கியும் வழிகாட்டியும்

ஆங்கிலேயர் ஆட்சியில் வேட்டை பொழுதுபோக்காக மாறியது. நீலகிரியில் 1877-இல் வேட்டை விலங்குகளுக்கான சங்கம் ஒன்று தொடங்கப்பட்டது. 1879-இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. உரிமம், வேட்டை கூடாத பருவம் முதலிய விதிகள் இவ்வாறு ஏட்டில் ஏறின.

துப்பாக்கி தொலைவிலிருந்து கொல்லும் ஆற்றலைத் தந்தது. கடமான் எந்தச் சோலையில் படுத்திருக்கிறது என்று அதனால் சொல்ல முடியாது. அதற்கு உள்ளூர்த் தடம் பார்ப்போரே தேவைப்பட்டனர். சுவரில் தொங்கிய கொம்பின் கீழ் துரையின் பெயர் எழுதப்பட்டது. மானைக் கண்டுபிடித்தவருக்கோ கூலி மட்டுமே கிடைத்தது.

1882-ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம் காடுகளை ஒதுக்குக் காடுகளாக அறிவிக்க வழிசெய்தது. அவற்றில் வேட்டையாடுவது, கண்ணி வைப்பது, மீன் பிடிப்பது ஆகியவை அரசு விதிகளுக்கு உட்பட்டன. விதிகளுக்கு மாறாக உணவுக்குக் கண்ணி வைத்தவர் குற்றவாளி ஆனார். உரிமம் பெற வசதி உள்ளவருக்கு வழி திறந்தே இருந்தது.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நாடு முழுவதும் வேட்டையைக் கட்டுப்படுத்தியது. 1991-இல் செய்யப்பட்ட திருத்தம் உரிமம் பெற்ற வேட்டைக்கும் முற்றுப்புள்ளி வைத்தது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பழங்குடிகளின் பல மரபுரிமைகளை ஏற்றபோதும், வேட்டை உரிமையை வெளிப்படையாக விலக்கியது. அழிவின் விளிம்பிலிருந்த வெளிமான் போன்றவற்றுக்கு இச்சட்டங்கள் தேவையாக இருந்தன. ஆனால் காட்டறிவையே உடைமையாகக் கொண்ட மக்களுக்கு மாற்று வாழ்க்கை சட்டத்தோடு சேர்ந்து வரவில்லை.

பிச்சாவரத்தில் இருளர்

பிச்சாவரம் வடக்கே வெள்ளாற்றுக் கழிமுகத்துக்கும் தெற்கே கொள்ளிடக் கழிமுகத்துக்கும் இடையே, சுமார் 1,100 எக்டேர் பரப்பில் அமைந்த அலையாத்திக் காடு. சுரபுன்னையும் அலையாத்தியும் இங்கே மிகுதி. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த தில்லை மரமும் இக்காட்டில் உண்டு. வங்கத்துச் சுந்தரவனச் சதுப்பில் புள்ளிமான் வாழ்கிறது. பிச்சாவரமோ மானுக்குப் பெயர்பெற்ற காடன்று. நரியும் நீர்நாயும் பறவைகளும் இதன் விலங்குகள்.

இக்காட்டின் ஓரத்தில், கிள்ளையைச் சுற்றிய குடியிருப்புகளில் இருளர் வாழ்கின்றனர். தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என வகைப்படுத்தப்பட்ட ஆறு சமூகங்களில் இருளரும் அடங்குவர். எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுதிகள், செங்கல்பட்டு, வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு மாவட்ட இருளரை நீலகிரி இருளரிடமிருந்து பிரித்துக் கூறுகின்றன. வில்லியர் என்ற பெயரும் அவர்களுக்கு உண்டு. வில்லை ஏந்தியவர் என்ற பொருளில் அந்தப் பெயர் பழைய தொழிலைச் சொல்கிறது. சமவெளி இருளர் முயல், உடும்பு, வயல் எலி போன்ற சிறு விலங்குகளையும் பாம்புகளையும் பிடித்தவர்கள்.

பிச்சாவரம் பகுதிக்கு வந்த இருளர் உப்பங்கழியில் மீன்பிடித் தொழிலுக்கு மாறினர். படகும் பெரிய வலையும் வாங்க வசதி இல்லாததால், ஆழம் குறைந்த நீரில் உட்கார்ந்தும் ஊர்ந்தும் கையால் தடவி இறால் பிடிக்கும் முறையைக் கைக்கொண்டனர். ஆண்களும் பெண்களும் இதைச் செய்கின்றனர். ஓலைப் பறியை வாயில் கவ்வியபடி இரு கைகளாலும் சேற்றைத் தடவுவது இவர்களின் வழக்கம். கலங்கிய நீரில் கண்ணுக்கு வேலை இல்லை. ஓதம் ஏறும் இறங்கும் நேரம், வேர்களின் இடுக்கு, சேற்றின் பதம், விரலில் படும் அசைவு ஆகியவையே தடயங்கள். புதர்க்காட்டில் கண் செய்த வேலையைச் சதுப்பில் கை செய்கிறது. கற்கும் முறை மாறவில்லை. பிள்ளைகள் பெரியவர்களின் அருகே நீரில் இறங்கிக் கற்கின்றனர்.

இந்த மாற்றம் எளிதாக அமையவில்லை. காடு வனத்துறையின் கட்டுப்பாட்டில் இருந்தது. நீரில் பிற மீனவச் சமூகங்கள் முன்பே தொழில் செய்துவந்தன. பழங்குடிச் சான்றிதழ் இல்லாததால் அரசு உதவிகளும் நெடுங்காலம் இவர்களுக்கு எட்டவில்லை. 1990-களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வனத்துறையுடனும் ஊர் மக்களுடனும் சேர்ந்து அலையாத்திக் காட்டை மீட்கும் பணியைத் தொடங்கியபோது இருளர் குடியிருப்புகளின் நிலை வெளியே தெரிந்தது. சிதைந்த பகுதிகளில் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஓத நீரைப் பாய்ச்சியும் கன்றுகள் நட்டும் காடு மீட்கப்பட்டது. சான்றிதழ், பள்ளி, மீன்பிடிக் கருவிகள் ஆகியவற்றுக்கான முயற்சிகளும் உடன் நடந்தன.

வேட்டையறிவின் இன்றைய நிலை

கொல்லும் உரிமை போனபின் காணும் அறிவை எப்படிக் காப்பது என்ற கேள்விக்கு இருளர் வரலாற்றிலேயே ஒரு விடை உண்டு. பாம்புத் தோல் வணிகம் தடைசெய்யப்பட்டபின், 1978-இல் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. ரோமுலஸ் விட்டேகர் இதற்கு முன்னின்றார். இங்கே பிடிக்கப்படும் பாம்புகளிடம் நஞ்சு எடுத்தபின் அவற்றை மீண்டும் காட்டில் விடுகின்றனர். அந்த நஞ்சு, பாம்புக்கடிக்கு மருந்து செய்யப் பயன்படுகிறது. இச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகியோர் 2017-இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டு, அங்கே பெருகியிருந்த மலைப்பாம்புகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தனர். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

இது ஒரு தொழிலுக்குக் கிடைத்த வழி. தடம் பார்க்கும் அறிவுக்கு வேறு பயன்களும் உள்ளன. வேட்டைத் தடுப்புக் காவல், விலங்குக் கணக்கெடுப்பு, காட்டு வழிகாட்டல் ஆகிய மூன்றுக்கும் அடிப்படை, மண்ணில் பதிந்த குளம்படியைப் படிக்கத் தெரிவதே. இவ்வறிவு நடந்து காட்டினால் மட்டுமே கைமாறும். மூத்தவர் பின்னால் நடக்க ஓர் இளைஞர் இல்லாத தலைமுறையோடு அது நின்றுவிடும். கன்னி வேட்டை இனி நடக்கப்போவதில்லை. ஆனால் காட்டில் முதல் முறை நடக்கும் இளையோருக்கு மானைக் காட்டித்தரும் மூத்தோரின் தேவை அப்படியே உள்ளது. அந்தப் பணியை ஊதியமும் மதிப்பும் உள்ள வேலையாக ஏற்பதைப் பொறுத்தே இவ்வறிவின் எதிர்காலம் அமையும்.