ஒற்றைக் குண்டுத் துப்பாக்கியும் ஓர் ஊசியும்

அந்தமான் என்றாலே நம்மவர்களுக்குச் செல்லுலார் சிறைதான் ஞாபகம் வரும். ஆனால் அது கட்டுவதற்கு வெகுமுன்பே, 1858 மார்ச் 10-ல், 200 கைதிகளோடு போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) தண்டனைக் குடியிருப்பு தொடங்கிவிட்டது. 1857 கிளர்ச்சியில் தண்டிக்கப்பட்டவர்களுக்காக. கிளர்ச்சிக்குக் காரணங்கள் பல. பொறி என்னவோ என்ஃபீல்டு துப்பாக்கியின் கொழுப்புத் தடவிய தோட்டாதான். அது ஒருமுறை சுட்டால் மறுபடி குழல்வாய் வழியே மருந்து கெட்டிக்க வேண்டிய துப்பாக்கி.

வெள்ளைக்காரன் அதில் ஒரு பாடம் படித்தான். அப்புறம் இந்தியச் சிப்பாய்க்குக் கிடைத்ததெல்லாம் ஒரு தலைமுறை பழைய ஆயுதம். பிரிட்டிஷ் வீரனுக்கு 1871-ல் மார்ட்டினி-ஹென்றி. சிப்பாய்க்குப் பழைய ஸ்னைடர். அவனுக்கு 1888-ல் பல குண்டு போடும் லீ-மெட்ஃபோர்டு வந்த பிறகே நமக்கு மார்ட்டினி. அதுவும் ஒற்றைக் குண்டுதான்!

நேபாளத்துக்கும் நவீனத் துப்பாக்கி தரத் தயங்கினார்கள். தளபதி கஹேந்திர ஷம்ஷேர் சும்மா இருக்கவில்லை. மார்ட்டினி பாணியில் உள்ளூரிலேயே செய்ய வைத்தார். எல்லாம் கையால் ராவியவை. அதனால் ஒன்றின் பாகம் இன்னொன்றில் பொருந்தாது.

2003-ல் காத்மாண்டு ஆயுதக் கிடங்கிலிருந்து இவை வெளிநாட்டுப் பழம்பொருள் சந்தைக்கு வந்தன. தோட்டாவைக் குத்தும் ஊசி ஒன்று உடைந்தால் என்ன செய்வது? லேத்தில் பத்து இருபது கடைந்தாலும், கொஞ்சம் பெரிதாகவே விட்டு, ஒவ்வொன்றையும் அந்தந்தத் துப்பாக்கிக்கே ராவிப் பொருத்த வேண்டும்.

வங்கியில் ஆளை நம்பாவிட்டால் கடன் தொகையைக் குறைப்போம். சாம்ராஜ்யம் துப்பாக்கியைக் குறைத்தது. அந்த அவநம்பிக்கைக்குத்தான், நூறு வருஷம் கழித்தும் யாரோ ஒருவர் அரம் பிடித்துக்கொண்டிருக்கிறார்.