மஞ்சள் சட்டையும் மேட்டூர்த் தண்ணீரும்

அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தைச் சேர்ந்த புரூக்ளினில் 'டாட்ஜர்ஸ்' என்று ஒரு பேஸ்பால் கோஷ்டி இருந்தது. டிராம் வண்டிகளுக்குத் தப்பி ஓடுகிறவர்கள் என்று அந்தப் பேட்டை ஜனங்களைக் கேலி செய்ததிலிருந்து பிறந்த பெயர். 1957-ஆம் வருஷத்துப் பந்தயங்கள் முடிந்ததும் அதன் முதலாளி கோஷ்டியைக் கூண்டோடு லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கொண்டு போய்விட்டார். பெயரும் கூடவே போயிற்று. காலியாகக் கிடந்த மைதானத்தையும் 1960-ல் இடித்துத் தள்ளினார்கள். புரூக்ளின்வாசிகள் அழுததுதான் மிச்சம்.

ஊர்ப் பெயரைச் சுமந்து ஆடும் கோஷ்டி ஊருக்குச் சொந்தமா, முதலாளிக்குச் சொந்தமா? இந்தச் சங்கடம் நம்மவர்களுக்கு வெகு காலம் ஏற்படவில்லை. 1934-ல் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தயம் சேப்பாக்கத்தில் நடந்தபோது சென்னைக்கு ஆடியவர்கள் சென்னைக்காரர்கள். ராம்சிங் பதினொரு விக்கெட்டுகளைச் சாய்க்க, எதிர்க் கட்சி ஒரே நாளில் தோற்றது. எதிர்க் கட்சி எது என்கிறீர்கள்? மைசூர்! மேட்டூர் அணை திறந்ததும் அதே 1934-ல்தான்.

2008-ல் கதை மாறிற்று. ஐ.பி.எல். என்ற புதுப் பந்தயத்துக்காக ஊர்களையே ஏலம் விட்டார்கள். இந்தியா சிமெண்ட்ஸ் கம்பெனி 9 கோடியே 10 லட்சம் டாலருக்குச் சென்னையை எடுத்தது. அடுத்த மாதம் ஆட்களுக்கு ஏலம். ராஞ்சியிலிருந்து தோனி, 15 லட்சம் டாலர். ஆஸ்திரேலியாவிலிருந்து ஹேடனும் ஹஸ்ஸியும், கண்டியிலிருந்து முரளிதரன், உத்தரப் பிரதேசத்திலிருந்து ரெய்னா. உள்ளூர்க்காரர்கள் என்று சொல்லிக்கொள்ள பத்ரிநாத், பாலாஜி போன்ற சிலர். பெயரிலோ 'சென்னை' ஒன்றுதான் நம்முடையது. 'சூப்பர் கிங்ஸ்' இரவல். இப்படி அவியலாகச் சேர்ந்த கோஷ்டியை இரண்டு மூன்று வருஷத்துக்குள் ஜனங்கள் 'நம்ம ஆளுங்க' என்று கொண்டாட ஆரம்பித்துவிட்டார்கள்.

பணத்தால் மட்டும் இது நடக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். மற்றக் கோஷ்டிகள் வருஷத்துக்கு வருஷம் தலைவனை மாற்றிக்கொண்டிருக்க, இவர்கள் ஒருவனையே வைத்துக்கொண்டிருந்தார்கள். அவன் தமிழ் பேசாவிட்டால் என்ன? 'தல' என்று சினிமாப் பட்டத்தைச் சூட்டியாயிற்று. கொட்டகையில் அடிக்கிற விசில் மைதானத்துக்கு வந்தது. எங்கள் சுவாமிமலையில் ஸ்தபதிகள் மெழுகில் உருவம் செய்து, மேலே காவிரி வண்டலைப் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகத்தை ஊற்றுகிறார்கள். உள்ளே இருந்தது அடியோடு மாறினாலும் உருவம் மாறுவதில்லை. 2024 டிசம்பரில் அந்தச் சிமெண்ட் கம்பெனியே கைமாறிற்று. முன்பே தனிக் கம்பெனியாகப் பிரிந்துவிட்ட கோஷ்டியின் மஞ்சள் நிறம் இம்மியும் மங்கவில்லை.

நடுவில் அவமானமும் உண்டு. 2013-ல் சூதாட்ட வழக்கு வெடித்தது. 2015-ல் லோதா கமிட்டி இரண்டு வருஷம் ஆடக்கூடாது என்று விலக்கி வைத்தது. தோனி புனாவுக்கு ஆடப் போனார். திரும்பி வந்தது 2018-ல். வந்த வேளை அப்படி!

அந்தப் பிப்ரவரி 16-ந் தேதி சுப்ரீம் கோர்ட் காவிரித் தீர்ப்பைச் சொல்லிற்று. நமக்கு வரவேண்டிய 192 டி.எம்.சி. தண்ணீர் 177.25 ஆகக் குறைந்தது. அதைப் பங்கிட்டுத் தரும் ஏற்பாட்டுக்கு ஆறு வாரக் கெடு. மார்ச் 29-ல் கெடு தீர்ந்தது, ஏற்பாடு வரவில்லை. ஏப்ரல் 10-ந் தேதி சேப்பாக்கத்தில் முதல் பந்தயம். வெளியே மறியல். மஞ்சள் சட்டைக்காரர்கள் சிலர் அடிபட்டார்கள். மைதானத்துக்குள் செருப்பு வந்து விழுந்தது.

எங்கள் தெருவில் கொடிக்கால் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் மகனிடம் சீறினார். "ஆத்துல மணல் பறக்குது. உனக்கு மஞ்சச் சட்டை கேக்குதாடா?"

"ஆட்டத்த நிறுத்திட்டா தண்ணி வந்துருமாப்பா?"

மகன் கேட்டது நியாயமான கேள்வி. ஆனாலும் என் மனம் தகப்பனார் பக்கமே சாய்ந்தது. பங்காளி வீட்டில் சாவு விழுந்தால் நம் வீட்டுக் கல்யாணத்தைத் தள்ளிப் போடுகிறோம். முகம் தெரியாதவன் வீட்டில் என்றால் தள்ளுவதில்லை. 'ஆடாதே' என்று உரிமையோடு அதட்டியவர்கள், அந்தக் கோஷ்டியைப் பங்காளியாக ஒப்புக்கொண்டுதானே அதட்டினார்கள்? விசில் அடித்தவர்களைவிட இவர்கள் கொடுத்த அத்தாட்சி எனக்குப் பெரிதாகப் படுகிறது. சட்டையைக் கண்டு அடித்தது மட்டும் அநியாயம்.

மிச்சம் இருந்த ஆறு பந்தயங்களும் புனாவுக்குப் போயின. புரூக்ளின் மாதிரி ஊர் அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. ஏப்ரல் 19-ந் தேதி ஸ்பெஷல் ரயிலில் ஏறக்குறைய ஆயிரம் பேர் பின்னாலேயே புறப்பட்டுவிட்டார்கள். மே 27-ல் பம்பாயில் வாட்ஸன் ஆட்டமிழக்காமல் 117 ரன் அடித்துக் கோப்பையை வாங்கித் தந்தார். ஜூன் 1-ந் தேதி காவிரி மேலாண்மை ஆணையம் கெஜட்டில் வெளியாயிற்று. மேட்டூரை ஜூன் 12-ல் திறக்க முடியவில்லை. ஜூலை 19-ல் திறந்தார்கள்.

அடுத்த வருஷம் மார்ச் 23-ந் தேதி கோஷ்டி சேப்பாக்கத்துக்குத் திரும்பிற்று. எதிர்க் கட்சி பெங்களூர். எழுபது ரன்னுக்குள் சுருட்டிவிட்டார்கள். கொடிக்கால்காரர் அன்று கடைசி வரை டெலிவிஷனை விட்டு எழுந்திருக்கவில்லையென்று அவர் மகன் மறுநாள் சொன்னான்.