முறிந்த வங்கியும் தாட்காசும்

மருதமுனைத் தறியில் நெய்த சாரத்தைக் கல்முனைச் சந்தையில் விற்கும் நெசவாளர், விலையாகப் பெற்ற நாணயத்தாளை மடித்து மடியிற் செருகிக்கொள்கிறார். “இத்தாளுக்குப் பொறுப்பாளி யார்?” என்று அவர் வினவுவதில்லை. அவ்வாறு வினவ வேண்டாத நிலை தானாக வந்ததன்று. 1884 ஆம் ஆண்டில் இலங்கை மக்களைப் பற்றிய பெருங்கலக்கமொன்றின் பயனாக அது வந்தது.

அந்நாளில் இந்நாட்டிற் புழங்கிய தாட்காசு அரசாங்கத்தினுடையதன்று. வங்கிகளே தத்தம் பெயரால் அதனை வெளியிட்டன. அவற்றுள் முதன்மையானது, 1851 இல் அரச பட்டயம் பெற்று, இலண்டனைத் தலைமையிடமாகக் கொண்டு நடந்த ஓரியண்டல் வங்கி. மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்கு அது பெருந்தொகை கடன் கொடுத்திருந்தது. 1869 இல் மடுல்சீமைப் பகுதியில் முதலிற் காணப்பட்ட இலைநோய், தோட்டந்தோட்டமாகப் பரவிக் கோப்பியை அழித்தது. விளைவு போயிற்று, கொடுத்த கடனும் திரும்பவில்லை. பிறநாடுகளில் நேர்ந்த இழப்புகளும் சேர்ந்துகொள்ள, 1884 மே 3 ஆம் நாள் வங்கி முறிந்தது.

வங்கியிற் பணம் வைத்தவர் அதனைத் தாமே தேடிச்சென்று நம்பியவர். தாட்காசு வைத்திருந்தவரோ அவ்வங்கியின் வாசலையே கண்டிராதவராயிருக்கலாம். கடை நடத்தியவரும், கூலிக்கணக்குத் தீர்க்கவேண்டிய கங்காணியும் கைக்கு வந்த தாளை வாங்கினர், அவ்வளவே. ஆயினும், அத்தாள் கையிலிருந்தவரை அவர்களும் வங்கிக்குக் கடன்கொடுத்தவர்களே. தாம் கடன்கொடுத்ததை அறியாத கடன்காரர்கள்!

அந்நெருக்கடியில் தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன் தாமதிக்கவில்லை. ஓரியண்டல் வங்கித் தாள்களுக்கு அரசாங்கமே பொறுப்பு என உறுதியளித்தார். சந்தையின் நடுக்கம் அடங்கிற்று. அவ்வாண்டிலேயே தாட்காசுச் சட்டம் இயற்றப்பட்டது. 1885 முதல் அரசாங்கத்தின் தாள்கள் புழங்கலாயின. 1950 இல் நிறுவப்பெற்ற மத்திய வங்கி அப்பொறுப்பை ஏற்றது.

ஆனால், கோர்டனின் உறுதிமொழி தாளை மட்டுமே காத்தது. வைப்புப் பணத்தைக் காக்கவில்லை. பணம் வைத்தோர், வங்கியின் கணக்குகள் தீர்ந்து தமக்குரிய பங்கு வரும்வரை காத்திருக்க நேர்ந்தது. அந்த அச்சம் நெடுங்காலம் தொடர்ந்தது. 2002 இல் பிரமுக வங்கியின் கதவுகள் மூடப்பட்டபோது, வைப்பாளர் பலர் மீண்டும் அதே கலக்கத்துக்கு ஆளாயினர். 2010 இலேதான், ஓர் எல்லைக்குட்பட்ட தொகைக்குக் கட்டாய வைப்புக் காப்புறுதித் திட்டம் நடைமுறைக்கு வந்தது.

தாட்காசுக்கு அரசு அவ்வாண்டிலேயே வழிகண்டது. வைப்புப் பணத்துக்குக் கட்டாயக் காப்புறுதி வர 126 ஆண்டுகள் சென்றன. ஆகவே, மடியிலுள்ள தாளைப்பற்றி நெசவாளர் வினவவேண்டியதில்லை. ஆயின், மகளின் திருமணத்துக்கெனச் சேர்த்த பணத்தை ஒரு நிறுவனத்திடம் ஒப்படைக்கும் நாளில், அவர் அவ்வினாவைக் கேட்டேயாகவேண்டும். “இதற்குப் பொறுப்பாளி யார்? எவ்வளவுக்கு?”