மிடியும் கோவில்பட்டி நாயனமும்

அக்கா கல்யாணப் பேச்சு நடந்தபோது எனக்கு ஒரு யோசனை. மேளக்காரர்களுக்குக் கொடுக்கும் பணத்தை மிச்சம் பிடித்து, நாமே லேப்டாப்பில் நாதஸ்வரம் வாசித்தால் என்ன? (படிப்பது பி.காம். புத்தி அப்படித்தான் போகும்.) இலவசமாகக் கிடைத்த ஒரு நாதஸ்வர ப்ளக்-இன்னைப் போட்டு, சின்ன மிடி கீபோர்டில் வாசித்துக் காட்டினேன். தாத்தா கேட்டுவிட்டு, "சத்தம் நாயனம் மாதிரித்தான் இருக்குடே. ஆனா வாசிக்கது ஆர்மோனியப் பெட்டில்லா?" என்றார்.

ஏன் அப்படி என்று தேடியபோது தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1980களின் தொடக்கத்தில் ஒரு கம்பெனியின் சிந்தசைசரை இன்னொரு கம்பெனியுடையதோடு இணைக்கப் பொதுவான வழி கிடையாது. அமெரிக்காவின் டேவ் ஸ்மித், ஜப்பானில் ரோலண்ட் கம்பெனியைத் தொடங்கிய இகுட்டாரோ ககெஹாஷி ஆகியோரின் முயற்சியால் ஒரு பொது மொழி பிறந்தது. 1983 ஜனவரியில், அமெரிக்காவில் நடந்த ஒரு கண்காட்சியில், இரண்டு கம்பெனிகளின் கீபோர்டுகளை வயரால் இணைத்து வாசித்துக் காட்டினார்கள். அந்த மொழிதான் மிடி.

மிடியில் ஒலியே கிடையாது. எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக அழுத்தினோம், எப்போது விட்டோம் என்ற கணக்கு மட்டும்தான். கட்டைகளுக்கு 0 முதல் 127 வரை எண்கள். எங்கள் பாஷையில் சொன்னால் அது சரக்கு அல்ல, சரக்குப் பட்டியல்.

தமிழ் சினிமாவில் 1986-இல் 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா சீக்வென்சரைப் பயன்படுத்தினார். 1992-இல் 'ரோஜா' வந்த பிறகு கீபோர்டு இசை எங்கும் பரவியது. அப்போதெல்லாம் விதவிதமான ஒலிகளுக்கு விலை உயர்ந்த பெட்டிகள் வேண்டும். 1996-இல் ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் கம்பெனி வி.எஸ்.டி. என்ற முறையைக் கொண்டுவந்தது. 1999-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில் ப்ளக்-இன்கள் மிடியை வாங்கித் தாமே வாசிக்கத் தொடங்கின. பெட்டி மென்பொருள் ஆனது. என்னைப் போன்றவனுக்கும் எட்டியது.

சரி, தாத்தா சொன்னதற்கு வருவோம். மிடி பிறந்தது கீபோர்டுக்காரர்கள் கையில். கட்டைக்குக் கட்டை தாண்டும். நாயனமோ சீவாளியில் உதடும் மூச்சும், துளையில் விரலும் சேர்ந்து ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகும். அந்த வழிதான் கமகம். தனித்தனிச் சுரங்களாகப் பதிவு செய்த ப்ளக்-இன்னில் அந்த வழி இல்லை.

மிடியில் சுருதியை வளைக்க ஒரு சக்கரம் உண்டு. அதில் 16,384 படிகள்! போதாதா? போதும். ஆனால் எங்கே, எவ்வளவு வளைப்பது என்று தெரிந்தவர் அல்லவா சுழற்ற வேண்டும்?

தெரிந்தவர் எங்கள் ஊரிலேயே வாழ்ந்தார். காருகுறிச்சி அருணாசலம் (1921-1964). டி.என்.ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். 'கொஞ்சும் சலங்கை' (1962) படத்தில் எஸ்.ஜானகியின் குரலோடு சேர்ந்து வருவது அவர் வாசித்த நாயனம்தான். அந்தப் பாட்டை ஒருமுறை கேட்டுவிட்டு என் ப்ளக்-இன்னைக் கேட்டேன். மூடி வைத்துவிட்டேன்.

ப்ளக்-இன்னைக் குறை சொல்லவில்லை. அதற்கும் யாரோ ஒரு வித்வான் ஊதித்தான் பதிவாகியிருக்கும். என்னைப் போல எல்லோரும் மிச்சம் பிடித்தால், நாளைக்கு ஊதவும் சொல்லிக் கொடுக்கவும் யார் இருப்பார்கள்? இந்த நஷ்டம் எந்த ஐந்தொகையிலும் வராது.

அக்கா கல்யாணத்துக்கு மேளம் பேசி அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. லேப்டாப் ரிசப்ஷனுக்கு மட்டும்.