டேப்லட் கிஃப்ட் பண்ணப்போறீங்களா? ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க!

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தாச்சு, காலேஜ் சீட்டும் கிடைச்சாச்சு. வேலைக்குச் சேர்ந்து ஒண்ணு ரெண்டு வருஷம் ஆன அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் இந்த நேரத்தில் ஒரு ஆசை வரும். 'தங்கச்சிக்கு நம்ம சம்பளத்துல உருப்படியா ஒண்ணு வாங்கிக் கொடுக்கணும்.' டிரஸ், வாட்ச் எல்லாம் கொடுத்தாச்சு. படிப்புக்கும் உதவணும், பார்க்கவும் கெத்தா இருக்கணும் என்று யோசித்தால் சட்டென்று மனசில் வருவது டேப்லட்தான்.

நல்ல ஐடியாதான். ஆனால் விலையை மட்டும் பார்த்து வாங்கும் டேப்லட், ஆறே மாதத்தில் பீரோவுக்குள் போய்விடும். 2011 அக்டோபரில் மத்திய அரசு மாணவர்களுக்காக அறிமுகப்படுத்திய 'ஆகாஷ்' டேப்லட் ஞாபகம் இருக்கா? உலகத்திலேயே விலை குறைந்த டேப்லட் என்று பெரிதாகப் பேசப்பட்டது. உள்ளே இருந்ததோ 256 எம்பி ராம், அழுத்தித் தொட வேண்டிய 7 இன்ச் ஸ்க்ரீன். விலை கைக்கு எட்டியது, வேகம் எட்டவில்லை. இன்றைய டேப்லட்கள் எவ்வளவோ மேல். ஆனாலும் 'யாருக்கு, எந்த வேலைக்கு' என்று கேட்காமல் வாங்கினால் கதை அதேதான்.

முதல் கேள்வி: டேப்லட்டா, லேப்டாப்பா?

சர்ப்ரைஸ் கெட்டுப்போகுமே என்று நினைக்காதீங்க. வாங்கும் முன் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி இது. ஏனென்றால், பல வீடுகளில் நடக்கும் விஷயம் ஒன்று இருக்கிறது. நீங்க ஒரு டேப்லட் வாங்கிக் கொடுத்துவிட்டால், வீட்டைப் பொறுத்தவரை அந்தப் பிள்ளைக்கு 'கம்ப்யூட்டர்' வாங்கியாச்சு. ரெண்டாவது வருஷம் அவள் லேப்டாப் கேட்டால், "அதான் உங்கண்ணன் வாங்கிக் கொடுத்தது இருக்கே" என்று பதில் வரும். உங்கள் பரிசே அவளுக்குத் தேவையானதைத் தள்ளிப்போட்டுவிடும்.

அதனால் கோர்ஸைப் பொறுத்து முடிவெடுங்க.

இன்ஜினீயரிங், கம்ப்யூட்டர் சயின்ஸ், ஆர்க்கிடெக்சர்: லேப்டாப்தான் முதல் தேவை. ஆட்டோகேட், மேட்லேப் மாதிரியான சாஃப்ட்வேர்களின் முழு வெர்ஷன் டேப்லட்டில் ஓடாது. கோடிங்கும் கீபோர்டு, பெரிய ஸ்க்ரீன் இல்லாமல் சிரமம்.

பி.காம், சிஏ: டேலி பிரைம் விண்டோஸில் இயங்குவது. எக்செல்லில் நாள் முழுக்க வேலை இருக்கும். இங்கேயும் லேப்டாப்புக்கே முதலிடம்.

மருத்துவம், நர்சிங், சட்டம், கலைப் பாடங்கள்: படிப்பதும், கோடு போடுவதும், ஓரத்தில் குறிப்பு எழுதுவதும்தான் அதிகம். தலையணை சைஸ் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு அலையாமல் இருக்க டேப்லட் அருமையான துணை.

நீட், டிஎன்பிஎஸ்சி, யுபிஎஸ்சி தயாரிப்பு: வீடியோ கிளாஸ், பிடிஎஃப், பழைய வினாத்தாள். டேப்லட் தாராளமாகப் போதும்.

இன்னொரு விஷயம். தமிழக அரசு 2025-26 பட்ஜெட்டில், 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லட் வழங்குவதாக அறிவித்தது. உங்கள் தங்கையின் கல்லூரிக்கு அது பொருந்துமா, அவள் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று விசாரியுங்க. அரசு லேப்டாப் கிடைக்கும் என்றால், நீங்க நிம்மதியா டேப்லட் வாங்கலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று துணையாக இருக்கும்.

ஸ்க்ரீன்: ஏ4 கணக்கு போடுங்க

கடைக்காரர் ராம், கேமரா என்று அடுக்குவார். மாணவருக்கு முதலில் பார்க்க வேண்டியது ஸ்க்ரீன் அளவு. மெட்டீரியல் பெரும்பாலும் ஏ4 பக்க பிடிஎஃப்பாகத்தான் வரும். ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. 8.7 இன்ச் டேப்லட்டை நெட்டுக்குத்தாகப் பிடித்தால் ஸ்க்ரீன் அகலம் சுமார் 11 செ.மீ.தான். அதாவது பக்கம் கிட்டத்தட்ட பாதியாகச் சுருங்கிவிடும். 11 பாயின்ட் எழுத்து 6 பாயின்ட் எழுத்தாகத் தெரியும். மாத்திரை அட்டைக்குப் பின்னால் இருக்கும் எழுத்தைப் படிக்கிற மாதிரி. ஒவ்வொரு வரிக்கும் ஜூம் பண்ணி, நகர்த்தி... பத்தாவது பக்கத்தில் வெறுத்துப்போகும்.

11 இன்ச் டேப்லட்டில் அகலம் சுமார் 15 செ.மீ. ஏ4 பக்கம் 70 சதவிகித அளவில் தெரியும். ஜூம் இல்லாமல் படித்துவிடலாம். ஆகவே படிக்கத்தான் என்றால் 10 இன்ச்சுக்குக் கீழே போகாதீங்க. ரெசல்யூஷன் 1920 x 1200 அல்லது அதற்கு மேல் இருந்தால் எழுத்து உடையாமல் தெரியும்.

கடையில் சோதிப்பதும் சுலபம். பாடநூல் கழகத்தின் ப்ளஸ் டூ இயற்பியல் புத்தகம் இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. டெமோ டேப்லட்டில் அதைத் திறந்து, ஒரு முழுப் பக்கத்தை ஜூம் பண்ணாமல் படித்துப் பாருங்க. கண்ணைச் சுருக்க வேண்டியிருந்தால் அந்த மாடல் வேண்டாம்.

எழுதணுமா? அப்போ பேனாவையும் சேர்த்துப் பாருங்க

நோட்ஸ் எடுப்பதற்காகத்தான் டேப்லட் என்றால், அந்த மாடல் ஆக்டிவ் ஸ்டைலஸை ஏற்குமா என்று பார்ப்பது அவசியம். நூறு, இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ரப்பர் முனை பேனா வெறும் விரலுக்குப் பதில்தான். அதில் எழுதும்போது உள்ளங்கை ஸ்க்ரீனில் பட்டாலே கோடு விழும். நல்ல ஸ்டைலஸ் என்றால், கையை நோட்டில் வைப்பது போல ஸ்க்ரீன்மீது வைத்தே எழுதலாம்.

சாம்சங்கின் கேலக்ஸி டேப் எஸ்6 லைட், எஸ்10 எஃப்இ மாதிரியான மாடல்களில் எஸ் பென் பெட்டியோடு வரும். அதே நிறுவனத்தின் விலை குறைந்த டேப் ஏ9, ஏ9 ப்ளஸ் மாடல்கள் எஸ் பென்னை ஏற்காது. ஐபேடில் பென்சில் தனிக்காசு. 2025 மார்ச்சில் வந்த ஏ16 சிப் ஐபேடின் அறிமுக விலை 34,900 ரூபாய். யுஎஸ்பி-சி பென்சில் 7,900 ரூபாய். ஆக, நோட்ஸ் எடுக்கும் ஐபேட் என்றால் 42,800 ரூபாய். இந்த ஐபேடில் பென்சில் ப்ரோ வேலை செய்யாது என்பதையும் ஞாபகத்தில் வைங்க. பெயரில் 'ப்ரோ' இருக்கிறதே என்று கூடுதல் காசு கொடுத்து ஏமாறாதீங்க.

ராம், ஸ்டோரேஜ், அப்டேட்

ஆண்ட்ராய்டு டேப்லட் என்றால் 4 ஜிபி ராம் குறைந்தபட்சம். வீடியோ கிளாஸ் ஒரு பக்கம், நோட்ஸ் ஒரு பக்கம் என்று ஸ்க்ரீனைப் பிரித்துப் படிக்க 6 அல்லது 8 ஜிபி இருந்தால் நல்லது. '4 ப்ளஸ் 4 ஜிபி' என்று விளம்பரம் பார்த்தால் உஷார். ப்ளஸ்ஸுக்குப் பிறகு வருவது பெரும்பாலும் விர்ச்சுவல் ராம். ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்குவது. நிஜ ராம் அளவுக்கு வேகம் வராது.

ஸ்டோரேஜ் 128 ஜிபி வாங்குங்க. 64 ஜிபியில் சிஸ்டமே கணிசமான இடத்தை எடுத்துக்கொள்ளும். டவுன்லோடு செய்த வீடியோ கிளாஸ்கள் மீதியை நிரப்பிவிடும். மெமரி கார்டு ஸ்லாட் இருந்தால் போனஸ். ஐபேடில் அது கிடையாது.

பலரும் கேட்காமல் விடும் கேள்வி, 'எத்தனை வருஷம் அப்டேட் வரும்?' என்பது. கணக்கு தொடங்குவது மாடல் அறிமுகமான நாளிலிருந்து. நீங்க வாங்கும் நாளிலிருந்து இல்லை. தள்ளுபடியில் கிடைக்கும் மூன்று வருஷப் பழைய மாடலுக்கு அப்டேட் காலம் முடிந்தேகூட இருக்கலாம். மூன்று வருஷ டிகிரிக்கு வாங்குகிறோம் என்றால், டிகிரி முடியும் வரையாவது செக்யூரிட்டி அப்டேட் வரணும்.

வைஃபையா, சிம்மா?

வீட்டில் வைஃபை இருந்தால், அல்லது போன் ஹாட்ஸ்பாட் போதுமென்றால் வைஃபை மாடலே போதும். சில ஆயிரம் ரூபாய் மிச்சம். ஹாஸ்டலில் வைஃபை சொதப்பல், பஸ்ஸில் தினம் ரெண்டு மணி நேரம் பயணம் என்றால் சிம் மாடலை யோசிக்கலாம். ஆனால் அதற்கு மாதா மாதம் ரீசார்ஜ் யார் செய்வது? அப்பா தலையில் புதுச் செலவாக அது விழக் கூடாது. நீங்களே செய்வதாக இருந்தால் அதையும் பட்ஜெட்டில் சேருங்க.

பில் தொகைக்கு மேலேயும் செலவு இருக்கு

கவர், ஸ்க்ரீன் கார்டு, தேவைப்பட்டால் கீபோர்டு, ஸ்டைலஸ். சில பெட்டிகளில் சார்ஜர்கூட இருக்காது. எனவே 25,000 ரூபாய் பட்ஜெட் என்றால், 21,000 அல்லது 22,000-க்கு டேப்லட்டைத் தேடுங்க.

'நோ காஸ்ட் இஎம்ஐ' என்றாலும் கவனம். வட்டியைத் தள்ளுபடியாகக் கழித்துவிட்டாலும், அந்த வட்டிக்கான ஜிஎஸ்டி, பிராசஸிங் கட்டணம் இரண்டும் கார்டு பில்லில் வரலாம். மொத்தம் எவ்வளவு கட்டப்போறீங்க என்று கூட்டிப் பார்த்துவிட்டு ஓகே சொல்லுங்க. ஆப்பிள் தன் ஆன்லைன் ஸ்டோரில் மாணவர்களுக்கு என்றே தனி விலை வைத்திருக்கிறது. தங்கையின் கல்லூரி அடையாள அட்டை அங்கே கைகொடுக்கும்.

செகண்ட் ஹேண்ட் வாங்குவதில் தப்பில்லை. பில் கேளுங்க, பழைய உரிமையாளரின் அக்கவுன்ட்டை உங்கள் கண் முன்னாலேயே நீக்கச் சொல்லுங்க. சிம் மாடல் என்றால் ஐஎம்இஐ எண்ணை மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் சரிபாருங்க. பிளாக் செய்யப்பட்டது என்று காட்டினால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம். பெயர் தெரியாத பிராண்டு என்றால், பெட்டியிலும் சார்ஜரிலும் பிஐஎஸ் முத்திரையும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்க. இந்தியாவில் விற்கும் டேப்லட்களுக்கு அது கட்டாயம்.

பிறந்தநாள் வரை பெட்டியைப் பூட்டி வைக்காதீங்க

ஆஃபரில் வாங்கி, ஒரு மாதம் கழித்துக் கொடுக்கலாம் என்று பீரோவில் வைப்பவர்கள் அதிகம். ஆன்லைனில் ரீப்ளேஸ்மென்ட் காலம் பல நேரம் 7 நாள்தான். வாரன்ட்டியும் பில் தேதியிலிருந்தே ஓட ஆரம்பித்துவிடும். தங்கச்சி ஆசையாகத் திறக்கும்போது ஸ்க்ரீனில் கோடு இருந்தால், சர்வீஸ் சென்டருக்கு அலைவதுதான் மிச்சம்.

அதனால் வந்த அன்றே வீடியோ எடுத்துக்கொண்டே திறங்க. வெள்ளைப் படம் ஒன்றை முழு ஸ்க்ரீனில் வைத்து, கறுப்புப் புள்ளிகள் தெரிகின்றனவா என்று பாருங்க. சார்ஜ் ஏறுகிறதா, ஸ்பீக்கர், மைக், கேமரா, வைஃபை எல்லாம் வேலை செய்கின்றனவா என்று சோதியுங்க. முடிந்ததும் உங்கள் ஜிமெயிலை நீக்கிவிட்டு, செட்டிங்ஸ் வழியாக ரீசெட் செய்து, பழையபடி பேக் பண்ணிடுங்க. உங்கள் அக்கவுன்ட் உள்ளேயே இருந்தால், பின்னால் அவள் ரீசெட் செய்யும்போது உங்கள் பாஸ்வேர்டு கேட்டு லாக் ஆகலாம். பில்லின் காப்பியை அவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிடுங்க. பிரச்னை வந்து கடை கைவிரித்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம்.

கையில் கொடுத்த பிறகு...

வெறும் டேப்லட்டைக் கொடுத்தால் முதலில் ஏறுவது ஓடிடி ஆப்தான். கொஞ்சம் மெனக்கெட்டு, படிப்புக்கானதையும் சொல்லிக் கொடுங்க. ஐஐடி பேராசிரியர்களின் வகுப்புகளுக்கு என்பிடெல், ஸ்வயம். பள்ளிப் பாடங்களுக்கு தீக்ஷா, கல்வி டிவியின் யூடியூப் சேனல். தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். இவை எல்லாவற்றையும் இலவசமாகவே பார்க்கலாம், படிக்கலாம்.

ஸ்கூல் படிக்கும் தம்பி, அக்கா பசங்களுக்கு என்றால் கூகுள் ஃபேமிலி லிங்க், ஐபேடில் ஸ்க்ரீன் டைம் மூலம் நேரக் கட்டுப்பாடு வைக்கலாம். அதை நீங்க தூரத்தில் இருந்து செய்வதைவிட, வீட்டில் இருக்கும் அம்மா அப்பாவுக்குச் சொல்லிக் கொடுப்பது நல்லது. காலேஜ் தங்கச்சிக்கு அதெல்லாம் வேண்டாம். லாக் பாஸ்வேர்டை அவளே வைத்துக்கொள்ளட்டும். அது அவளுடைய பொருள்.

ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி ஒரு செக் லிஸ்ட்

• அவள் கோர்ஸுக்கு லேப்டாப் கட்டாயமா?
• அரசு லேப்டாப் கிடைக்க வாய்ப்பு இருக்கா?
• ஏ4 பிடிஎஃப்பை ஜூம் இல்லாமல் படிக்க முடியுதா?
• ஸ்டைலஸ் ஏற்குமா, அது விலையில் அடக்கமா?
• படிப்பு முடியும் வரை அப்டேட் வருமா?
• கவர், சார்ஜர், ரீசார்ஜ் எல்லாம் பட்ஜெட்டுக்குள் இருக்கா?
• ஊரிலோ பக்கத்து டவுனிலோ சர்வீஸ் சென்டர் இருக்கா?

முதல் கேள்விக்கே 'ஆமா' என்று பதில் வந்தால், டேப்லட் ஆசையை ஓரமாக வைத்துவிட்டு, அந்தப் பணத்தை வீட்டில் லேப்டாப்புக்காகச் சேர்க்கும் தொகையோடு சேர்த்துக் கொடுங்க. ரிப்பன் கட்டிக் கொடுக்க முடியாதுதான். ஆனால் முதல் செமஸ்டர் லேபில் உட்காரும்போது அவளுக்குக் கைகொடுப்பது அதுதான்.