பனியே காணாத பிள்ளைகள்

களியக்காவிளையில பனின்னா மார்கழிப் பனிதான். தலையில ஒரு தோர்த்து கட்டினா தீர்ந்தது. 2016 பிப்ரவரியில் டீக்கடை டிவியில் சியாச்சின் செய்தி ஓடினபோது, பக்கத்தில் இருந்த பெரியவர் கேட்டார்: "பனியே காணாத பிள்ளைகள அங்க எதுக்கு மக்ளே கொண்டு நிறுத்துறாவ?"

எனக்கும் அது நியாயமாத்தான் பட்டது. பிறகு தேடிப் படிக்கப் படிக்க, கேள்வி கொஞ்சம் மாறிப்போச்சு.

அந்த பிப்ரவரி 3 அன்று, சுமார் 19,600 அடி உயரத்திலுள்ள சோனம் காவல்நிலை மேல் ஒரு பனிச்சுவர் இடிந்து விழுந்தது. காவல் இருந்தது மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19வது பட்டாலியன். புதைந்தவர்கள் பத்துப் பேர்: தமிழ்நாட்டுக்காரர் நால்வர், கர்நாடகத்தவர் மூவர், கேரளம், ஆந்திரம், மகாராஷ்டிரத்திலிருந்து ஆளுக்கொருவர். பனிக்குள் முழுசாகப் புதைந்தவரை 15 நிமிஷத்துக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார். அரைமணி தாண்டினால் மூச்சு முட்டியே பலர் போய்விடுவார்கள். ஆறாம் நாள் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா மட்டும் உயிரோடு கிடைத்தார். கூடாரத்துக்குள் தங்கிய கொஞ்சம் காற்றுதான் காரணம் என்றார்கள். பிப்ரவரி 11 அன்று டெல்லி ராணுவ மருத்துவமனையில் அவரும் இறந்தார்.

தெற்கத்தி ஆட்களுக்குப் பனி தெரியாது, அதனால் செத்தார்கள் என்று சொல்லி முடித்துவிடலாமா? முடியாது. அதற்கு ஒரு மாதம் முன்புதான் அதே சியாச்சின் பகுதியில் லடாக் ஸ்கவுட்ஸ் வீரர்கள் நால்வர் பனிச்சரிவில் இறந்தார்கள். பனியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். 2012 ஏப்ரல் 7 அன்று பாகிஸ்தான் பக்கம் கயாரி முகாமே புதைந்து 140 பேர் போனார்கள். அதில் பெரும்பாலோர் நார்தர்ன் லைட் இன்ஃபண்ட்ரி, அந்த மலைநாட்டு ஆட்களைச் சேர்க்கும் படை. பல வருஷமாகப் பத்திரமான இடம் என்று நம்பிய முகாம் அது.

பனி அடுக்கடுக்காக விழுகிறது. அடியில் ஓர் அடுக்கு சர்க்கரை மாதிரி உதிரியாக இருந்து, மேலே காற்று அள்ளிவந்த பனி கனத்தால், சரிவில் மொத்தமும் வழுக்கும். சோனத்தில் நடந்தது போல, பனியாற்றின் சுவரே உடைந்தும் விழும். இதைக் கணிக்க மணாலியில் 1969லேயே ஆய்வு நிலையம் வந்துவிட்டது. எச்சரிக்கை கொடுக்கலாம், காவல்நிலையை நகர்த்துவது வேறு விஷயம்.

1984 ஏப்ரல் 13 அன்று இந்திய ராணுவம் சியாச்சின் ஏறியது. 2003 நவம்பரில் துப்பாக்கி ஓய்ந்தது. பனி ஓயவில்லை.

பெரியவர் கேட்டதில் 'பனியே காணாத' என்ற சொற்களை மட்டும் எடுத்துவிடுகிறேன். மிச்சக் கேள்வி அப்படியே நிற்குது.