காற்புள்ளியும் நீதிமன்றமும்

ஓலையில் எழுத்தாணி கொண்டு எழுதிய நம் முன்னோர் நிறுத்தக்குறிகளை நாடவில்லை. படிப்போரே சொல் பிரித்துப் பொருள் கண்டனர். அச்சுக்காலத்தில் இக்குறிகளைத் தமிழ் உரைநடையில் ஒழுங்குற வழங்கியவர்களுள் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் முதன்மையானவர். அவை ஆங்கிலத்தின் வழியே நமக்கு வந்தவை. ஆகவே, ஆங்கிலத்தில் அவற்றின் விதிகள் யாவை என்று காண்போம்.

கருத்து முடியுமிடத்தில் முற்றுப்புள்ளி இடவேண்டும். தனித்து நிற்க வல்லனவாயினும் தம்முள் உறவுடைய இரு வாக்கியங்களுக்கிடையே அரைப்புள்ளி வரும். அடுக்கி வரும் சொற்களைக் காற்புள்ளி பிரிக்கும். இடையே புகும் விளக்கத்தை இருபுறமும் காற்புள்ளியிட்டு வேறாக்கிக் காட்டவேண்டும். இவ்விறுதி விதிக்குச் சான்று, 1949ஆம் ஆண்டு தில்லியில் அரசியல் நிர்ணய சபை ஏற்ற அரசியல் சட்டத்தின் முதல் ஷரத்திலேயே உண்டு. அங்கே இந்தியா என்ற பெயரை அடுத்து 'அதாவது பாரதம்' எனும் பொருளில் வரும் தொடர், இரு காற்புள்ளிகளுக்கிடையே நிற்கிறது.

இத்துணைச் சிறிய குறி சட்டத்தின் பொருளை மாற்றுமா? 1952இல் இவ்வினா உச்ச நீதிமன்றத்தில் எழுந்தது. அக்காலத்தில் அம்மன்றம் தில்லிப் பார்லிமெண்டுக் கட்டிடத்திலேயே கூடிவந்தது. பொருள் ஐயத்திற்கிடமாகும்போது குறி துணைபுரியலாம். தெளிவான பொருளை அது அடக்கியாள இயலாது என்னும் கருத்தினை நீதிபதி பி. கே. முகர்ஜி தம் தீர்ப்புரையில் வெளியிட்டார்.

1979ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் வெளியான மற்றொரு வழக்கில், ஒருவரது விடுதலையே இதனைச் சார்ந்து நின்றது. மருந்துகளைத் தம்மிடம் வைத்திருந்தமைக்காக அவர் தண்டிக்கப்பட்டிருந்தார். 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் 27ஆம் பிரிவில், அன்றிருந்த வாசகப்படி, 'ஸ்டாக்ஸ் ஆர் எக்ஸிபிட்ஸ் ஃபார் ஸேல்' என்ற தொடர் வந்தது. 'ஸ்டாக்ஸ்' என்பதன்பின் காற்புள்ளி இருந்திருப்பின், அச்சொல் தனித்து நின்று, மருந்தை வைத்திருத்தலையே குற்றமாக்கியிருக்கும். அங்கே குறியில்லை. ஆதலின் 'விற்பனைக்காக' என்னும் பொருள் தரும் இறுதிச் சொற்கள் இரண்டு வினைகளையும் தழுவும் என்று உச்ச நீதிமன்றம் கொண்டது. விற்பனைக்காக வைத்திருந்தார் என்பது மெய்ப்பிக்கப்படாமையால் தண்டனை நீங்கிற்று.

இட்ட குறியேயன்றி, இடாத குறியும் பொருள் தரும் என்பதை இவ்வழக்கு உணர்த்துகிறது. கடிதமாயினும் விண்ணப்பமாயினும், எழுதி முடித்தபின் ஒருமுறை வாய்விட்டுப் படித்து, ஒவ்வொரு காற்புள்ளியும் எதனை எதனின்று பிரிக்கிறதென நாம் நோக்குதல் நன்று.